அழுத கண்ணீர் காய்வதற்குள்

2024 ஜூன் 6, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். குவைத்துடன் கோலில்லா டிரா. இந்தியக் கால்பந்து அணியின் சுனில் சேத்ரி கண்கலங்கி விடைபெற, ரசிகர்களும் ஒரு பாட்டம் அழுது தீர்த்தார்கள். அந்த வருஷம் முழுக்க இந்தியாவுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. 2025 மார்ச்சில், நாற்பது வயதுக்காரரை மறுபடி கூப்பிட்டார் பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ். "இளைஞர்களுக்கு வழிவிட வேண்டாமா?" என்று அங்கலாய்த்தவர்கள் உண்டு. ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக அவர் தலையால் முட்டி 95ஆவது கோலைப் போட்டதும், அவர்களே "அப்பவே சொன்னேன்ல!" என்றார்கள். 3-0. முதல் இரண்டு கோல் ராகுல் பேகேயும் லிஸ்டன் கொலாசோவும் போட்டது. அதை யார் கேட்டார்கள்? ஆறே நாளில், அதே மைதானத்தில் வங்கதேசத்துடன் கோலில்லா டிரா. உடனே சேத்ரியின் பிறந்த வருஷத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.