குழிக்கு மூணு நாத்து

பெங்களூருக்கு வந்து மூணு நாளாச்சு. மடிவாளாவுல பேரன் ரூம்புல ஜாகை. ராத்திரி ஒரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு முழிக்கறான். "என்ன கண்ணு, ஆடு கீடு காணாமப் போச்சா?"ன்னேன். ரெண்டு கம்பெனி வேலை குடுத்திருக்குதாம். எதுல சேர்றதுன்னு கட்டம் போட்டு மார்க் போடறானாம். எங்க காலத்துல கட்டம் போட ஜோசியக்காரனுக்குக் காசு அழுவோம். இவன் நாலு வருசம் ஃபீஸ் கட்டிப் படிச்சுட்டு அவனே போட்டுக்கறான்.

"அஞ்சு வருசங்கழிச்சு இந்தக் கம்பெனி இருக்குமாங்க அப்பாரு?"ங்கறான். நான் இருப்பனான்னு ஒரு வார்த்தை கேட்டானா?

ஏஞ்சாமி, இதே ஊர்ல கிரண் மஜும்தார்னு ஒரு அம்மிணி. டாக்டராகோணும்னு ஆசை, நடக்கல. ஆஸ்திரேலியா போயி பீர் காய்ச்சப் படிச்சுட்டு வந்துது. பொம்பளைக்கு அந்த வேலை எவன் குடுப்பான்? சரி, ஸ்காட்லாந்து போலாம்னு இருந்தப்ப அயர்லாந்துக்காரர் ஒருத்தர் கூட்டுக்கு ஆள் தேடிட்டு வந்தாரு. 1978ல வாடகை வீட்டுக் கார் ஷெட்டுல, பத்தாயிரம் ரூவா முதலோட பயோகான். சரக்கு என்ன தெரியுமா? பீரைத் தெளிய வெக்கற மீனோட காத்துப்பையும் பப்பாளிப் பாலும். இன்னிக்கு இன்சுலின் பண்றாங்க. எந்தக் கட்டத்துலடா இது வரும்?

பப்பாளி எனக்கும் தெரியும். கோ-2 ரகம் போட்டவன். விடியக்காலம் பச்சைக் காயைப் பிளேடுல மெல்லக் கீறுனா பால் சொட்டும். கையில பட்டா அரிச்சே கொல்லும். ஆனா அந்த நாத்து ஆணா பொண்ணான்னு பூ வர்ற வரைக்கும் ஒரு பயலுக்கும் தெரியாது. அதனால குழிக்கு மூணு நடுவோம். பூத்ததும் இருவது பொண்ணுக்கு ஒரு ஆணை விட்டுட்டு மிச்சத்தை வெட்டி எருக்குழியில போடுவோம். நாத்தைக் கையில வெச்சுக்கிட்டு மார்க் போட்டவன் தோட்டம் எங்கீமு இல்ல.

ஆனா ஒண்ணு, ஷெட்டுல தொழில் ஆரம்பிச்சவங்க எல்லாரும் பயோகான் ஆயிடல. வெட்டிப் போட்ட ஆண் மரத்தை எவன் போட்டோ எடுத்தான்?

இதெல்லாம் கேட்டுட்டுப் பய மெதுவாச் சொல்றான்: "பேசாம நம்மூர்க் கோயில்ல பூக் கேட்டுப் பாத்துறலாமுங்களா?"

தாராளமாக் கேளு. உங்கப்பன் லாரி வாங்கறப்பவும் கேட்டான். வெள்ளைப் பூ வந்துது, சாமி உத்தரவு குடுத்துருச்சுன்னு இன்னிக்கும் சொல்லிட்டுத் திரியறான். பொட்டலம் கட்டுனது நானு. ரெண்டுலயும் வெள்ளைதான்.