பீச்சாங்கை போட்ட சாலை

மின்சார வண்டிக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் வைப்பது என்று ஏ.சி. அறையில் முந்திரிப் பக்கோடாவோடு கூடிப் பேசுகிறார்கள். மதுரையில் இந்த வேலை ஒரு வெற்றிலையால் முடிந்தது.

1689 முதல் 1706 வரை பேரனுக்காக நாட்டை ஆண்ட ராணி மங்கம்மாள், ஒருநாள் ஏதோ யோசனையில் பீச்சாங்கையால் வெற்றிலையை வாயில் போட்டுவிட்டாளாம். பாவம் தொலைய வேண்டாமா? சாலை போடு, மரம் வை, கிணறு வெட்டு, சத்திரம் கட்டு என்று உத்தரவு பறந்ததாம். கமிட்டி கிடையாது, டெண்டர் கிடையாது. நம் அமைச்சர்களுக்கும் யாராவது இடப்பக்கமாக வெற்றிலைத் தட்டை நீட்டினால் தேவலை.

அன்றைய வண்டிக்கு பேட்டரி இரண்டு. இரண்டுக்கும் கொம்பு உண்டு. இருபது மைல் போவதற்குள் சார்ஜ் இறங்கி நுரை தள்ளிவிடும். அவிழ்த்துக் கட்டி வைக்கோலை உதறிப் போட்டால் ஸ்லோ சார்ஜிங். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைத்தால் ஃபாஸ்ட் சார்ஜிங். பின்பக்கம் விழுந்ததை வரட்டி தட்டி அடுப்பும் எரிக்கலாம். லித்தியத்துக்கு அந்தத் துப்பு இல்லை.

பிறகு பெட்ரோல் வந்தது. மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் விட்ட டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பது ஊர்ப் பேச்சு. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தான். அங்கிருந்த எண்ணெய்க் கிணறுகளை வெள்ளைக்காரனே நாசம் செய்துவிட்டு ஓடிவந்தான். இங்கே பெட்ரோலுக்குப் பஞ்சம். ஐயங்கார் அசரவில்லை. பஸ்ஸோடு ஒரு கரியடுப்பைக் கட்டிவிட்டார். மரியாதையாகச் சொன்னால், டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். கரியை அரைகுறையாக எரியவிட்டால் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதை வடிகட்டி, ஆறவைத்து இஞ்சினுக்கு ஊட்ட வேண்டும். கிளம்புவதற்கு முன் அடுப்பை ஊதிக் கனலவைக்க ஓர் ஆள் வேண்டும். மேடு வந்தால் பஸ்ஸுக்கு மூச்சு வாங்கும். இன்று கார்பனைக் குறை என்கிறோம். அன்று கார்பனை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டே போனார்கள். ஆனாலும் வெட்டிய மரத்துக்கு ஈடாக இன்னொன்றை வளர்த்திருந்தால் கணக்குப்படி அது பசுமை பஸ்தான்!

அதே டி.வி.எஸ். பெயரில் இன்று பேட்டரி ஸ்கூட்டர் ஓடுகிறது. கமுதிப் பொட்டலில் 2016 முதல் 648 மெகாவாட் வெயில் மின்சாரமாகிறது. மங்கம்மாள் சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்னும் நிற்கிறது. வழிப்போக்கருக்கெல்லாம் சோறு போட்டவளைக் கடைசியில் அரண்மனையிலேயே அடைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று ஊர் சொல்கிறது. சார்ஜிங் ஸ்டேஷன் திட்டம் தீட்டும் அதிகாரிகள் இந்தக் கடைசி வரியை மட்டும் படிக்காமல் தாண்டிவிடவும்.