ஹிக்ஸ் துகள்: மூலவரா, இன்னொரு மதிலா?

கேள்வி: ஹிக்ஸ் துகளை 2012-இலேயே கண்டுபிடித்துவிட்டார்களே, இன்னும் எதைச் சோதிக்கிறார்கள்? (ஸ்ரீரங்கம்)

பதில்: ஸ்ரீரங்கத்துக்காரர் கேட்கத் தகாத கேள்வி இது. ராஜகோபுரத்தைக் கண்டதுமே சேவை முடிந்ததென்று திரும்புவோர் வெளியூர்க்காரர். ஏழு திருச்சுற்றுகளையும் கடந்தால்தான் பெரிய பெருமாள் என்பது உள்ளூரார் அறிந்ததே. அணு, அணுக்கரு, புரோட்டான், குவார்க்கு என மதில்களைக் கடந்து வந்த இயற்பியல், புரோட்டானைப்போல் ஏறத்தாழ 133 மடங்கு நிறையுள்ள ஹிக்ஸின் முன் நின்று, இது மூலவரா, உட்கூறுகள் ஒரு வலிய விசையால் பிணைந்து உருவான இன்னொரு மதிலா என்று கேட்கிறது. மின்காந்த விசையும், கதிரியக்கச் சிதைவை நிகழ்த்தும் வலுக்குறை விசையும் ஒரே சமச்சீர்மையில் அடங்குபவை. அது முறிவதால்தான் ஒளித்துகள் நிறையற்றிருக்க, வலுக்குறை விசையைச் சுமக்கும் டபிள்யூ, இசட் துகள்கள் கனத்துப்போகின்றன. முறித்தது அடிப்படைத் துகளான ஹிக்ஸா, அதற்குள் ஒளிந்த வலிய விசையா என்பதே வழக்கு.

கேள்வி: அதைக் ‘கடவுள் துகள்’ என்பது ஏன்? (மதுரை)

பதில்: வெளியூர்க் கேள்விக்கு ஒரு வரியே ஒதுக்கீடு: அது ஒரு புத்தகத்தின் தலைப்பு.

கேள்வி: டெக்னிகலர் கோட்பாடு ஓடியதா, படுத்ததா? (உறையூர்)

பதில்: படுத்தது, ஆனால் கதை நல்ல கதை. குவார்க்குகளைப் பிணைக்கும் வல்விசையே, ஹிக்ஸ் இல்லாவிடினும், மேற்சொன்ன சமச்சீர்மையை முறித்து டபிள்யூவுக்கு நிறை தந்துவிடும். என்ன, தேவையைவிட ஏறத்தாழ 2,600 மடங்கு குறைவாகத் தரும். அவ்விசையின் பெரிய பதிப்பொன்று இருந்தால் ஹிக்ஸே வேண்டாம் என்று 1970-களின் இறுதியில் ஸ்டீவன் வைன்பெர்க்கும் லியோனார்ட் சஸ்கிண்டும் முன்மொழிந்ததே டெக்னிகலர். புதிய துகள்கள் நேரில் அகப்படாவிட்டாலும் இசட், டபிள்யூ துகள்களின் பண்புகளில் விட்டுச்செல்லும் தடத்தை, 1990-இல் பெஸ்கினும் டக்கேயுச்சியும் ‘எஸ்’ முதலிய சில எண்களில் அடக்கினர். எளிய டெக்னிகலர் ‘எஸ்’ஸுக்குக் கணிசமான நேர்மதிப்பைக் கேட்டது; செர்ன் ஆய்வகத்தின் லெப் மோதுவி எடுத்த அளவீடுகளோ சுழியை விட்டு அசையவில்லை.

கேள்வி: இதனால் திருச்சிக்கு என்ன பயன்? (சத்திரம் பேருந்து நிலையம்)

பதில்: பேருந்து முன்னதாக வராது.

கேள்வி: எங்கள் ஊருக்கு இதில் பங்குண்டா? (திருவானைக்காவல்)

பதில்: 1888-இல் அங்கே பிறந்த சி. வி. ராமனின் பெயரைச் சொல்லவைக்கவே இக்கேள்வி வந்துள்ளது, சொல்லியாயிற்று. எனினும் உறவு உண்மையானது. சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கே நிறம் மாறுகிறது, அந்த மாற்றமே மூலக்கூறின் உள் அதிர்வைக் காட்டிக்கொடுக்கிறது என்று 1928-இல் ராமன் கண்டதும், நுண்ணிய விலகலிலிருந்து உள்ளமைப்பை ஊகிக்கும் இன்றைய சோதனையும் ஒரே வகை வேலை.

கேள்வி: ஹிக்ஸ் கூட்டுத்துகளா என்பது எப்போது தெரியும்? இத்துறையைப் படிக்கலாமா? (மாணவி, தில்லைநகர்)

பதில்: தாராளமாகப் படிக்கலாம். டேவிட் கப்லானும் ஹோவர்ட் ஜார்ஜியும் 1984-இல் முன்வைத்த கூட்டு ஹிக்ஸ் கோட்பாடு இன்னும் தோற்கவில்லை. அதன்படி, டபிள்யூ, இசட் துகள்களோடு ஹிக்ஸ் கொள்ளும் இணைப்பு, அடிப்படைத் துகளுக்குரியதைவிடச் சற்றுக் குறைந்திருக்க வேண்டும். இதுவரையிலான அளவீடுகளில் அக்குறை தென்படவில்லை, ஆயினும் சில விழுக்காட்டு விலகலுக்கு இன்னும் இடமுண்டு. ஹிக்ஸைக் கண்டுபிடித்த எல்எச்சி மோதுவியின் மேம்படுத்தப்பட்ட வடிவம் 2030-களில் அந்த இடத்தைக் குறுக்கும். அப்போது மாணவிக்கு ஆய்வு செய்யும் வயதுதான்; அதுவரை கணிதத்தைக் கைவிடாதிருப்பாராக.