பணம் கட்டினால் மட்டும் படம் ஓடாது

வென்ட்வொர்த்வில், சிட்னி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலியும் பெரியம்மாவின் சர்க்கரையும் ஏறாமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் நீங்கள் கேட்டது சின்ன விஷயம்தான். "அந்த புவாரோ சீரியல் முழுசையும் ஒரு பென்டிரைவ்ல ஏத்தி, ஊருக்கு வர்றவங்க யார்கிட்டயாச்சும் குடுத்துவிடுப்பா." நான் கொஞ்சம் இழுத்ததும், "டாலர்ல சம்பாதிக்கிறவனுக்குக் கை வருமா?" என்று பெரியம்மா பின்னாலிருந்து சொன்னது தெளிவாகவே கேட்டது. போனில் விளக்கினால் சாக்குப்போக்கு என்பீர்கள். அதனால் எழுதுகிறேன். பட்டுக்கோட்டையில் வீடியோ கேசட் கடை நடத்தியவர் நீங்கள். இந்த வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல உங்களைவிடத் தகுதியான ஆள் இல்லை.

நீங்கள் கேட்ட தொடர் 1989 முதல் 2013 வரை வந்தது. 13 சீசன், 70 எபிசோட். அத்தனையிலும் டேவிட் சூஷே ஒருவரே துப்பறிவாளர் புவாரோவாக அந்த மீசையோடு நடித்தார். இங்கே ஆன்லைன் கடையில் எபிசோட் ஒன்று 3 டாலருக்குக் கொஞ்சம் மேல் என்கிறார்கள். எல்லாம் சேர்த்தால் நம் காசுக்கு 12,000 ரூபாயைத் தாண்டும். அதைக்கூடக் கொடுத்துவிடலாம். கொடுத்த பிறகு கைக்கு என்ன வரும் என்பதுதான் வழக்கு.

கேசட் வராது. டிவிடி வராது. பென்டிரைவில் ஏற்றி உங்களுக்கு அனுப்புகிற மாதிரி எதுவும் வராது. அந்தக் கடையின் செயலியில், என் பெயரில் உள்ள கணக்கில், புவாரோவின் படம் ஒன்று தோன்றும். போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் செயலிக்குள் மட்டும்தான் ஓடும். வெளியே எடுத்தால் பூட்டு. விற்கக் கூடாது, இரவல் கொடுக்கக் கூடாது, உயிலில் எழுதி வைக்கக் கூடாது. எனக்குக் கிடைப்பது பார்க்கிற அனுமதி மட்டும்தானாம். நிபந்தனைகளில் எங்கோ நடுவில் எழுதியிருக்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல், இது வெறும் அனுமதிதான் என்பதைக் காசு வாங்கும் முன்பே தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அந்தச் சட்டத்தால் பொருள் யாருக்கும் சொந்தமாகிவிடவில்லை. சொந்தமில்லை என்ற சேதி கொஞ்சம் பெரிய எழுத்தில் வருகிறது, அவ்வளவுதான்.

"வாங்க வேண்டாம், வாடகைக்கு எடு" என்பீர்கள். சினிமாக்களுக்கு அது உண்டு. எடுத்த 30 நாளுக்குள் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்துவிட்டால் 48 மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். உங்கள் மருமகளுக்கோ ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி. ஒரு நாள் சாயங்காலம் இருபது நிமிஷம் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். அடுத்த நாள் தூக்கம், அதற்கடுத்த நாள் சின்னவனுக்குக் காய்ச்சல். அப்புறம் திறந்து பார்த்தால் படத்தைக் காணோம், மறுபடி பணம் கட்டு என்கிறது. நம் கடையில் கரண்ட் போய்ப் பார்க்க முடியாத படத்துக்கு வாடகை கிடையாது என்று நீங்கள் எழுதி ஒட்டியிருந்தது ஞாபகம் இருக்கிறதா? டெக்கும் டிவியும் சேர்த்து எடுத்துப் போய், விடிய விடிய நாலு படம் பார்க்க உட்கார்ந்த கல்யாண வீட்டுக்காரர்கள், மூன்றாவது படத்தில் கரண்ட் போனால் காலையில் வந்து மல்லுக்கட்டுவார்கள். நீங்களும் மல்லுக்கட்டிவிட்டு மூன்று படத்துக்குத்தான் காசு வாங்குவீர்கள். இங்கே மல்லுக்கட்ட ஆளே கிடையாது. குறை சொல்லப் போனால் ஓர் இயந்திரம் என் மனநிலையைப் புரிந்துகொள்வதாக எழுதுகிறது. (உங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில், லேபிள் ஒட்டாமல் இருந்த கேசட்டுகளைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேசப் போவதில்லை.)

சரி, வாங்கிய ஒன்றையாவது பெரிய திரையில் பார்ப்போம் என்று லேப்டாப்பிலிருந்து பழைய டிவிக்கு ஒயர் மாட்டினேன். சத்தம் வந்தது, படம் வரவில்லை. விசாரித்தால், எச்.டி.சி.பி. என்று ஒரு காவல் ஏற்பாடாம். ஒயரின் அந்த முனையில் இருக்கும் டிவி, இந்த முனையில் இருக்கும் பெட்டிக்குத் தன் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கத் தெரியாத பழைய டிவி என்றால் அதைத் திருடனின் ரெக்கார்டர் என்று வைத்துக்கொண்டு படத்தை நிறுத்திவிடும். படம் நான் காசு கொடுத்தது, டிவி நான் வாங்கியது, ஒயரும் நான் வாங்கியது. மூன்றும் ஒன்றையொன்று நம்ப மாட்டேன் என்கின்றன.

அம்மா இங்கே வந்து தங்கியிருந்தபோது நடந்ததைச் சொல்லியிருப்பாள், பாதிதான் சொல்லியிருப்பாள். சீரியலுக்காக ஊரிலேயே வருஷ சந்தா கட்டிக்கொண்டு வந்தவள். விமானம் இறங்கி, குளித்து, சாப்பிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் திறந்தால், 'இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று நிற்கிறது. "நான் பணம் கட்டியிருக்கேன்னு சொல்லுடா" என்றாள். யாரிடம் சொல்வது? கடைசியில் உங்கள் மருமகளின் தங்கை அங்கே டிவிக்கு எதிரே போனைப் பிடித்துக்கொள்ள, அம்மா இங்கே வீடியோ காலில் பார்த்தாள். நடுநடுவே குக்கர் விசில் கேட்கும். கதாநாயகி அழுகிற கட்டத்தில் அங்கே யாராவது சாப்பிட வரச் சொல்லுவார்கள். அம்மாவுக்கு அது பழகிப்போய், ஊருக்குத் திரும்பிய பிறகு சீரியல் சப்பென்று இருக்கிறது என்றாள்.

இதெல்லாம் நமக்கு மட்டும் நடப்பதில்லை. இந்த ஊர் வெள்ளைக்காரர்களே பட்ட பாடுதான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதைத் திருட்டுத்தனமாக இறக்கிப் பார்ப்பதில் உலகில் முன்வரிசையில் நின்றது ஆஸ்திரேலியா. 2013இல் இங்கிருந்த அமெரிக்கத் தூதர் ஜெஃப்ரி பிளைக், திருடாதீர்கள் என்று ஃபேஸ்புக்கில் நாட்டு மக்களுக்கே வேண்டுகோள் எழுதினார். ஒரு தூதர் கவலைப்பட வேறு எத்தனையோ விஷயம் இருந்த வருஷம் அது. அவர் எழுதியதற்கு அடுத்த வருஷம் என்ன செய்தார்கள் தெரியுமா? அதுவரை எபிசோட் எபிசோடாக ஐடியூன்ஸில் வாங்க முடிந்த தொடரின் நான்காவது சீசனை, ஃபாக்ஸ்டெல் என்ற கேபிள் நிறுவனம் தனக்கு மட்டும் என்று வளைத்துப் போட்டது. மாதச் சந்தா கட்டு, இல்லையென்றால் சீசன் முழுவதும் முடிகிற வரை காத்திரு. காசை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றவனைப் பார்த்துக் கடையைச் சாத்தினால் அவன் பின்வாசலுக்குப் போவான். திருட்டு சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் திருடியவனுக்கு 48 மணி நேரக் கெடு இல்லை, ஒயர் சந்தேகம் இல்லை, பகுதித் தடை கிடையாது. காசு கொடுத்தவனுக்குத்தான் இத்தனையும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

விலையைப் பற்றியும் இங்கே ஒரு பெரிய பஞ்சாயத்து நடந்தது. டிஜிட்டல் சரக்குக்கு ஏன் இந்த நாட்டில் மட்டும் கூடுதல் விலை என்று கேட்டு ஒரு நாடாளுமன்றக் குழு ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், அடோபி மூன்று நிறுவனங்களையும் 2013 மார்ச்சில் கான்பெராவுக்கு சம்மன் அனுப்பி வரவழைத்தது. சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு அந்த விசாரணையில் ஒரு கணக்குக் காட்டியது: ஒரு மைக்ரோசாஃப்ட் மென்பொருளை இங்கே வாங்குவதைவிட, ஓர் ஆளுக்குச் சம்பளமும் டிக்கெட்டும் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி வாங்கி வரச் சொன்னால் மிச்சமாகுமாம். கப்பல் கூலி இல்லை, கிடங்கு வாடகை இல்லை. ஒயரில் வருகிற சரக்கு. அதற்கும் ஆஸ்திரேலியா தூரம் என்று விலை ஏற்றினார்கள். பல பொருள்களுக்கு அமெரிக்கனைவிட 50 சதவீதமும் அதற்கு மேலும் தருகிறோம் என்று குழு அறிக்கை சொன்னது. அறிக்கையை எல்லோரும் பாராட்டினார்கள். அப்புறம் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

இத்தனையும் கொடுத்து வாங்கியதாவது நிலைக்குமா என்றால், 2023 டிசம்பரைப் பாருங்கள். பிளேஸ்டேஷனில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளை வாங்கியிருந்தவர்களுக்கு சோனி ஓர் அறிவிப்பு விட்டது: மாதக் கடைசியோடு நீங்கள் வாங்கியதெல்லாம் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். ஆயிரத்துக்கு மேற்பட்ட சீசன்கள். இரண்டு நிறுவனங்களுக்கும் இடையிலான உரிம ஏற்பாட்டைக் காரணம் காட்டினார்கள். ஊர் உலகமெல்லாம் கத்திய பிறகு புது ஒப்பந்தம் போட்டு, "இப்போதைக்குப் போகாது, இருக்கும்" என்றார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2024 ஏப்ரலில் ஃபனிமேஷன் என்ற ஜப்பானிய அனிமே கடையை மூடி கிரஞ்சிரோல் என்ற இன்னொரு அனிமே சேவையில் சேர்த்தபோது, டிவிடியோடு கூடவே கொடுத்த டிஜிட்டல் பிரதிகளை மட்டும் சேர்க்கவில்லை. டிவிடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அதைப் படித்த பிறகுதான் நான் செயலியை விட்டுவிட்டு ஆப் ஷாப்புக்குக் கிளம்பினேன். ஜனங்கள் தேவையில்லாததைக் கொண்டுவந்து போட, தர்ம காரியத்துக்காக விற்கிற கடை. வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று இந்த ஊர்க்காரர்கள் டிவிடிகளை அங்கே கொட்டுகிறார்கள். சட்டைகளுக்கும் சூப் கிண்ணங்களுக்கும் நடுவில் உங்கள் புவாரோ இருந்தார், சீசன் சீசனாகப் பெட்டி போட்டு. பெட்டி ஒன்று 2 டாலர். கல்லாவில் இருந்த பாட்டி என் பெயரைக் கேட்கவில்லை, எந்த நாட்டுக் கார்டு என்று கேட்கவில்லை.

டிவிடியிலும் ஒரு வேலி உண்டு. உலகத்தை எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள்: அமெரிக்கா 1, பிரிட்டன் 2, ஆஸ்திரேலியா 4, நம் ஊர் 5. நாலாம் எண் தட்டு ஐந்தாம் எண் பிளேயரில் ஓடாது என்பது சட்டதிட்டம். உங்கள் பிளேயர் பர்மா பஜாரில் வாங்கியது. அது எந்த எண்ணையும் மதிக்காது என்று நம்புகிறேன். ஏதாவது பழைய தட்டைப் போட்டு ஓடுகிறதா என்று இப்போதே பார்த்துச் சொல்லுங்கள். லென்ஸில் தூசி இருக்கும், பெரியம்மாவின் புடவைத் தலைப்பால் துடைக்க வேண்டாம்.

பெட்டிகளை அடுத்த மாதம் தஞ்சாவூர் வருகிற நண்பர் கையில் அனுப்புகிறேன். இரண்டாவது சீசன் மட்டும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். ஆறாவதில் ஒரு தட்டில் லேசான கீறல், கொலை நடக்கிற இடத்தில் கொஞ்சம் தாவும். கொலைகாரன் யார் என்பது கெடாது. பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டர் இரவல் கேட்பார். கொடுங்கள், யாரும் தடுக்க முடியாது. ஆனால் அவர் உங்களிடம் 1994இல் எடுத்துப்போன கேசட் ஒன்றை இன்னும் திருப்பவில்லை என்று பெரியம்மா சொன்னாள். முதலில் அதை வாங்குங்கள்.

உங்கள் அன்புள்ள தம்பி மகன்