அமைச்சராகாத முதலமைச்சர்

கேள்வி: எந்தத் துறைக்கும் அமைச்சராக இருக்காமலே காமராஜர் முதலமைச்சர் ஆனது எப்படி? (வாசகர், எம். புதுப்பட்டி)

பதில்: கட்சி வழியாக. 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். 1941இல் சிறையிலிருந்தபடியே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் பதவியை ஏற்று, அன்றே விலகினார். முழுநேரமும் செலவிட முடியாத நாற்காலி அவருக்கு வேண்டாம். 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். எந்த முதல்வர் வந்தாலும் காமராஜரைக் கேட்காமல் எதுவும் நடக்காது என்ற நிலை அப்போதே இருந்தது.

பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்க வேண்டும் என்ற குலக்கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பால், 1954இல் முதலமைச்சர் ராஜாஜி விலகினார். தலைமைப் போட்டியில் சி. சுப்பிரமணியத்தை வென்ற காமராஜர், ஏப்ரல் 13 அன்று பதவியேற்றார். பிறகு செய்ததுதான் அழகு: தோற்ற சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்தார். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேஸ்வரனிடம் அறநிலையத் துறையைக் கொடுத்தார். கோயில் நுழைவே போராட்டமாக இருந்த சமூகத்தவரிடம் கோயில் நிர்வாகம் போனது. அந்த ஒரு முடிவுக்கே அவரை வணங்கலாம். மொத்த அமைச்சர்கள், அவரோடு சேர்த்து, எட்டே பேர்.

குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளிகளும் மதிய உணவும் கிராமங்களுக்குப் பரவின. 1957, 1962 இரண்டு தேர்தல்களிலும் சாத்தூரில் வென்றவர், 1963 அக்டோபர் 2 அன்று கட்சிப் பணிக்காகத் தாமே விலகினார். 1967இல் விருதுநகரில் தி.மு.க. மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் தோற்று, 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மீண்டும் மக்களவைக்குச் சென்றார்.