அழுதீங்களா, தம்பி?

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போன் அடித்தால் அது அவர்தான். "தம்பி, சாப்பிட்டாச்சா? ரெண்டே பக்கம், கேளுங்க." சாப்பிட்டோமா இல்லையா என்று நாம் வாய் திறப்பதற்குள் தொண்டையைச் செருமிக்கொண்டு தலைப்பைச் சொல்லிவிடுவார். தலைப்பில் கட்டாயம் இதயம் இருக்கும். இதயம் இல்லாவிட்டால் ஈரம். இரண்டும் சேர்ந்து வந்த இரவுகளும் உண்டு.

முதல் பாராவைச் சமாளித்துவிடலாம். இரண்டாவதில் குரல் கம்மும். மூன்றாவதில் சட்டென்று நிறுத்துவார். அச்சில் புள்ளி புள்ளியாக வரப்போகிற இடம் அது. மூன்று புள்ளி என்றால் துயரம், ஆறு என்றால் பெருந்துயரம், வரி முழுக்க என்றால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். தான் எழுதியதைத் தானே படித்துத் தானே அழுகிறார். அழுது முடித்ததும் நம் பக்கம் என்ன சத்தம் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார். "ம்" போதாது. பெருமூச்சுக்குப் பாதி மார்க். ஒரு தடவை ஜலதோஷத்தில் நான் மூக்கைச் சிந்தப்போக, "பாத்தியா, தம்பியையே உலுக்கிடுச்சு!" என்று அந்த நேரத்தில் மனைவியை எழுப்பிச் சொன்னார். அந்த அம்மாள் என்ன சொன்னார் என்பது சரியாகக் கேட்கவில்லை. கேட்டவரையில் அது இலக்கிய விமர்சனம் இல்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடு சொல்லியிருக்கிறார். நகைக்குத்தான் முதலிடம், அழுகை இரண்டாவது. நம்மவர் முதலாவதைத் தாண்டிக் குதித்து இரண்டாவதில் உட்கார்ந்தவர், இன்னும் மூன்றாவதுக்கு நகரவில்லை. அந்த அழுகைக்கும் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நாலே காரணம்தான் அங்கே உண்டு. சொந்த வாக்கியத்தைப் பார்த்து வரும் அழுகையை விட்டுவிட்டார். பாவம், அந்தக் காலத்தில் போன் ஏது?

ஏன் எழுதுகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "எழுதலைன்னா செத்துடுவேன் தம்பி" என்பார். பேங்கில் இருந்த முப்பத்துச் சொச்சம் வருஷமும் எழுதாமல் நன்றாகத்தான் இருந்தார். பென்ஷன் வந்த மாதத்திலிருந்துதான் உயிருக்கு இந்த ஆபத்து. புதுமைப்பித்தன் தினமணியில் வேலை பார்த்துக்கொண்டு கதை எழுதினார், தி. ஜானகிராமன் வானொலி உத்தியோகத்தோடு எழுதினார் என்று சொன்னால், "அவங்களுக்கெல்லாம் நேரம் இருந்தது" என்கிறார்.

அசோகமித்திரன்மேல் அவருக்கு ஒரே ஒரு குறை. "நல்லாத்தான் எழுதறார். ஆனா வறட்சி, தம்பி." சொன்னது 'தண்ணீர்' நாவலை. சென்னையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலையும் ஜமுனாவைப் படித்து எனக்குத் தொண்டை அடைத்திருக்கிறது. எழுதியவர் எங்கேயும் விம்மவில்லை. இருப்பதெல்லாம் பம்பு, குடம், சண்டை, சேறு.

இரங்கல் கட்டுரை விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தெருமுனையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் இறந்துபோனபோது நாலு பக்கம் எழுதிப் படித்தார். தேடித் தேடிக் கேட்டேன், செத்தவர் பெயர் அதில் வரவே இல்லை. "பேரு என்ன சார்?" என்றேன். "இஸ்திரிக்காரர்னுதான் கூப்பிடுவோம்." வருஷக்கணக்காக இவர் சட்டையை மடித்துக் கொடுத்த ஆள். அவருக்குப் பிள்ளைகள் உண்டா, என்ன சீக்கு, வண்டியை இப்போது யார் தள்ளுகிறார்கள், ஒன்றும் கிடையாது. நாலு பக்கமும் இவருடைய நெஞ்சு வெடித்த விவரம். ஒரு ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இருந்துவிட்டு அவருக்காக எப்படி அழ முடியும்? அன்றைக்கு சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆனால் காகிதம் கையில் இல்லாதபோது மனிதர் வேறு. ஒருநாள் கண்ணாடியைக் காணோம் என்று தேடிக்கொண்டே அவர் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவராம். இரண்டாவது ஆட்டம் முடிந்து வரும்போது கிழித்த பாதிகளைப் பை நிறையக் கொண்டுவருவாராம். பெஞ்சுக்குப் பச்சை, சேருக்கு ரோஸ். பிள்ளைகள் அதை வைத்து பஸ் விளையாடும். தங்கை மட்டும் ரோஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பாள். தியேட்டரை மூடிய பிறகு பழைய பாதிகளையே சோற்றுப் பருக்கையால் ஒட்டி ஒட்டி விளையாடினார்களாம். "அப்பா திண்ணையில உக்காந்து எங்ககிட்டே டிக்கெட் வாங்குவார். தங்கச்சி அவருக்கு மட்டும் ரோஸ் குடுப்பா" என்றார். குரல் கம்மவே இல்லை. எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

"சார், இதை எழுதுங்க. இப்போ சொன்ன மாதிரியே" என்றேன்.

"இதுல என்ன தம்பி உணர்ச்சி இருக்கு? வெறும் டிக்கெட்டு. இருங்க, கண்ணாடி கிடைச்சிடுச்சு. மூணாவது பாராவுலேருந்து படிக்கறேன். போன தடவை அந்த இடத்துல உங்ககிட்டேருந்து சத்தமே வரலை."