கந்தப்பளை லயங்களில் வேலைநாள் இராச்சாப்பாடு: ஐப்பசி, கார்த்திகைக் காலத் திட்டமிடல் பற்றிய ஓர் ஆய்வு

வேலைநாள் இராச்சாப்பாடு என்பது, காலையில் தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்கு, அதாவது ஆளெடுப்புக்கு, போய் மாலையில் மலையிலிருந்து இறங்கிய ஒருவர், இருட்டிய பிறகு அடுப்பு மூட்டி, அன்று வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் போதும் என்று சொல்லத்தக்க அளவில் சமைத்து இறக்கும் உணவாகும். இவ்வரையறையில் ‘போதும்’ என்ற சொல் சோற்றின் அளவைக் காட்டுவதாகக் கொள்ளலாகாது. மறுசோறு கேட்க வேண்டாம் என்னும் வேண்டுகோளாகக் கொள்வதே பொருந்தும். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறியும் தீபாவளி ஆட்டிறைச்சியும் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்பவை. அவற்றுக்குப் பணம் வேண்டும், திட்டம் வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை இரவுக்குத்தான் திட்டம் வேண்டும்.

ஆய்வுக் காலத்தை வரையறுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இலையுதிர் காலம் தொடங்கியதும் பள்ளிகள் திறக்கும். பெற்றோருக்கு மூச்சுவிட நேரமிராது. பத்திரிகைகள் ஏழு நாளைக்கு ஏழு சாப்பாட்டுத் திட்டம் அச்சிடும். இலங்கை மலையகத்துக் கந்தப்பளையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. தேயிலைச் செடி தானாக இலை உதிர்ப்பதுமில்லை. கவ்வாத்துக் கத்தி பட்டால்தான் மொட்டையாகும். ஆயினும் புரட்டாசிப் பிற்பகுதி தொடங்கிக் கார்த்திகை வரை நீளும் ஒரு காலம் இங்கும் உண்டு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மழை பிற்பகல்களில் இடியோடு வரும். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது விழுந்துவிடும். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உயர்தரப் பரீட்சை நவம்பரில்தான் தொடங்கியது. இவற்றோடு தீபாவளியும் அதற்கு முன்னும் பின்னும் வரிசைகட்டும் விரதங்களும் சேர்கின்றன. வேறெந்த நாட்டு இலையுதிர் காலமும் இவ்வளவு நெருக்கடியைக் காட்டியிருக்குமா என்பது ஐயமே.

மாலை நேரத்தின் அமைப்பை அறியாமல் இராச்சாப்பாட்டை அறிய முடியாது. அந்திக் கொழுந்து நிறுத்து முடிய நாலரை, ஐந்து மணியாகும். அதன்பின் கூடையையும் படங்கையும் சுமந்துகொண்டு லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டுக்கு நடக்க வேண்டும். மலை எட்டியிருந்தால் நடை நீளும். வழியில் பிள்ளைக் காம்பராவில் குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். வீடு சேர்ந்ததும் தண்ணீர், விறகு, ஈரத்துணி, விளக்கு. ஒரு வாய் சாயத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஆறு மணி தாண்டிவிடும். ஆண்களுக்குரிய வேலைகள் பலவும், கவ்வாத்தோ மருந்தடிப்போ, கொடுத்த அளவை முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்னும் முறையில் நடப்பதால் பெரும்பாலும் மதியத்தோடு முடிந்துவிடும். பகல் இரண்டு மணிக்கே வீட்டிலிருக்கும் ஒருவரும், மாலை ஆறு மணிக்கு வந்துசேரும் ஒருவரும் உள்ள குடும்பத்தில் அடுப்பை மூட்டுபவர் ஆறு மணிக்காரராகவே இருப்பது ஏன் என்பதற்கு இதுவரை நிறைவான கோட்பாடு எதுவும் முன்வைக்கப்படவில்லை. தீக்குச்சியின் எடையைக் காரணம் காட்ட முடியாது.

அடுத்தது இயற்பியல். கந்தப்பளை கடல் மட்டத்திலிருந்து 1,900 மீற்றருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 பாகைக்குக் காத்திராமல் 93, 94 பாகையிலேயே கொதித்துவிடும். பார்ப்பதற்கு உலை தளதளவென்று கொதிக்கும். உள்ளே கிடக்கும் கடலைக்கோ அதனால் பெரிய பாதிப்பு இராது. மைசூர்ப் பருப்பு லயத்து அடுப்பில் அரசாட்சி செய்வதற்கு இது முதற்காரணம்: உடைத்த பருப்பு, சிறியது, மலை உயரத்தைப் பொருட்படுத்தாமல் வெந்துவிடும். கொண்டைக்கடலையை நவராத்திரிச் சுண்டலுக்கு விட்டுவிடுவது அறிவுடைமை. அதையும் முதல் நாளே ஊறப்போடாதவர் குக்கர் வைத்திருக்கும் வீட்டில்தான் கையேந்த வேண்டும்.

தோசைமாவின் நிலை இன்னும் பரிதாபம். மாவு நன்றாகப் புளித்துப் பொங்க 27 முதல் 30 பாகை வரையான வெப்பம் வேண்டும். நுவரெலியாப் பகுதியின் இரவுகள் அதில் பாதியைத் தொட்டாலே பெரிது. ஆகவே மாவுச் சட்டியைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் உட்காரவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. அடைமழைக் காலத்தில் அந்த அடுப்போரத்துக்கு மாவுச் சட்டி, பள்ளிக்கூடச் சப்பாத்து, ஈர விறகு, பூனை, அப்பாயி ஆகியோர் போட்டியிடுவர். இவர்களுள் மாவுச் சட்டிக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. தோசை, எனவே, திங்கட்கிழமை நினைத்துப் புதன்கிழமை சாப்பிடும் உணவாகிறது. இதே குளிரால் ஒரு நன்மையும் உண்டு: இரவு மிஞ்சிய பருப்புக்கறி குளிர்சாதனப் பெட்டியின் தயவின்றிக் காலைவரை கெடாமல் இருக்கும். மேலைநாட்டார் ஞாயிற்றுக்கிழமை சமைத்து உறையவைத்து வாரம் முழுவதும் சாப்பிடும் முறையை லயத்து வீடு ஓர் இரவின் அளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறது. மின்கட்டணம் இல்லை.

விறகு என்பது பெரும்பாலும் மிலாறு, அதாவது கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி. காய்ந்த மிலாறு படபடவென்று எரியும்; நனைந்த மிலாறு புகைக்கு மட்டும் பயன்படும். ஐப்பசியில் விறகின் ஈரத்தை வைத்தே கறியின் எண்ணிக்கை தீர்மானிக்கப்படுகிறது. காய்ந்திருந்தால் சோறு, பருப்பு, ஒரு பொரியல். அரை ஈரமென்றால் சோறும் ஒரு கறியும். முழு ஈரமென்றால் ரொட்டி. எரிவாயு சிலிண்டர் உள்ள வீடுகளும் உண்டு. 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு அவ்வீடுகளிலும் விறகடுப்பை இடித்துவிடத் துணிந்தவர் அதிகமிரார்.

ரொட்டி இங்கே விரிவான கவனத்துக்குரியது. கோதுமை மா, துருவிய தேங்காய், உப்பு, தண்ணீர். பிசைந்து தட்டிக் கல்லில் போட்டால் ஆயிற்று. கூட ஒரு சம்பல். தமிழ்நாட்டின் திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து மலையேறிய மக்கள் நாள்தோறும் கோதுமை தின்று வந்தவர்களல்லர். பழைய தோட்டங்களில் அரிசிதான் கொடுக்கப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா இடம்பிடித்தது. போர் முடிந்தும் மா போகவில்லை. 1973, 1974 பஞ்சக் காலத்தில் அதுவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அந்தக் காலத்தைக் கண்டவர் இருக்கும் வீட்டில் ரொட்டியைப் பழித்துப் பேசுவது திட்டமிடலுக்கு உகந்ததன்று.

இராச்சாப்பாட்டு அறிஞர்கள் சோற்றுக் கட்சி, ரொட்டிக் கட்சி என இரண்டாகப் பிரிந்துள்ளனர். காலையிலும் ரொட்டி, பகலிலும் ரொட்டி என்றபின் இரவிலாவது சோறு வேண்டும் என்பது முதற்கட்சியின் வாதம். இக்கட்சியில் உறுப்பினர் தொகை மிகுதி. ஆனால் சமைப்பவர்கள் குறைவு. ரொட்டிக் கட்சியார் தம் கொள்கையை வாதிட்டு நிறுவுவதில்லை, சுட்டு அடுக்கிவிடுகின்றனர். அண்மையில் இக்கட்சிக்கு ஒரு பின்னடைவு ஏற்பட்டது. தென்னை இந்த உயரத்தில் காய்ப்பதில்லை. தேங்காய் கீழ்நாட்டிலிருந்துதான் ஏறி வரவேண்டும். 2024 முடிவில் ஒரு தேங்காய் 200 ரூபாவை எட்டியபோது ரொட்டிக்கும் சம்பலுக்கும் சேர்த்து ஒரே மூடியைப் பங்கிடும் கணக்கு வந்தது. மிளகாயும் வெங்காயமும் உப்பும் சேர்த்து இடித்து, தேங்காய் இருந்ததற்கு அடையாளமாகக் கொஞ்சம் தூவும் முறை அப்போது செழித்தது.

மரக்கறியில் கந்தப்பளைக்குக் குறையேது? கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட், முள்ளங்கி, நோக்கோல், உருளைக்கிழங்கு எல்லாம் கண்ணெதிரே விளைகின்றன. விளைந்தவை லொறியேறித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகின்றன. கொழும்பில் கரட் விலை ஏறினால் கந்தப்பளை வீடுகளில் கரட் சமைப்பது குறையும். விலை விழுந்து லொறிக்காரர் முகம் திருப்பினால் வாரம் முழுவதும் கரட்தான். ஆகவே இப்பகுதிப் பிள்ளைகள் சந்தை நிலவரத்தைத் தட்டைப் பார்த்தே அறிந்துகொள்கின்றனர். தொடர்ந்து நான்காவது இரவும் லீக்ஸ் வந்தால், வீட்டுத் தோட்டத்தில் லீக்ஸ் விற்காமல் நிற்கிறது என்று பொருள்.

இனி, திட்டமிடலின் மிகக் கடினமான பகுதி: விரதம். புரட்டாசிச் சனிக்கு மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், இல்லை. நவராத்திரிக்கு இல்லை. விஜயதசமியை ஒட்டித் தொடங்கும் கேதாரகௌரி விரதம் 21 நாட்கள் நீண்டு ஐப்பசி அமாவாசையில் முடியும். அதன் விளிம்பில் தீபாவளி வந்து ஒருநாள் ஆட்டிறைச்சிக்கு வழிவிடும், விரதகாரர் இல்லாத வீடானால். மறுநாளோ அதற்கடுத்த நாளோ கந்தசஷ்டி ஆறு நாட்கள். 2025இல் தீபாவளி அக்டோபர் 20, சஷ்டியை முடிக்கும் சூரன்போர் அக்டோபர் 27. கார்த்திகை முதல் தேதி பிறந்ததும் வீட்டு இளைஞர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்வார். முந்தின வாரம்வரை கருவாடு இல்லாமல் சோறு இறங்காது என்றவர் அவர்தான்.

ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே விரதம் பிடித்தால் சிக்கலில்லை. அம்மா கௌரி விரதம், அப்பா எதுவுமில்லை, மகள் சஷ்டி, மகன் மாலை என்றிருக்கும்போது மச்சச் சட்டி, மரக்கறிச் சட்டி என்று அடுப்பங்கரையே இரண்டாகும். விரதம் பிடிக்காத வீடு தப்பித்துக்கொள்ளும் என்று எண்ணவும் வழியில்லை. லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் இடையில் இருப்பது ஒரே சுவர். நெத்தலிக் கருவாடு பொரிந்தால் அதன் மணம் எத்தனையாம் நம்பர் வீடு என்று கேட்டுவிட்டுப் போவதில்லை. எனவே அயலாரின் விரதங்களும் திட்டத்துக்குள் வருகின்றன. வரிசையில் ஒரு வீடு மாலை போட்டிருந்தால் அந்த வரிசைக்கே அரை விரதம். மச்சத்துக்கும் மரக்கறிக்கும் நடுவே நின்று வேடம் போடும் சோயா மீட் இக்காலத்தில் பெரிதும் போற்றப்படுவதன் காரணம் இதுவே. அதைக் கறித்தூளில் பிரட்டி வைத்தால் விரதகாரர் மரக்கறி என்பார், மற்றவர் இறைச்சி என்பார். இருவருக்கும் ஒரே சட்டி போதும்.

சம்பளக் கணக்கு விரதக் கணக்கைவிட எளிது. 10ஆம் தேதி சம்பளம், 25ஐ ஒட்டி முற்பணம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. இராச்சாப்பாட்டின் மாத வளைவு மட்டும் பழைய வடிவிலேயே உள்ளது. 10 முதல் 15 வரை டின்மீன், முட்டை, உருளைக்கிழங்கு. அதன்பின் பருப்பு. அதற்கும்பின் பருப்பில் தண்ணீர். 25இல் சிறு மேடு. மாதக் கடைசியில் ரசம், கீரை, கடைக் கொப்பியில் எழுதி வாங்கிய கருவாடு. தீபாவளி முற்பணம் இந்த வளைவைக் கலைத்துவிடும். பட்டுப்பாவாடையும் பலகாரச் சாமானும் போக மிஞ்சுவதை இராச்சாப்பாட்டுக்கு ஒதுக்குவதாகப் பொதுவில் ஒப்புக்கொள்ளப்படுகிறது, மிஞ்சியதாகக் கேள்விப்படவில்லை. அதே வாரத்தில் கொழும்பில் கடைகளில் வேலைசெய்யும் பிள்ளைகள் ஊர் திரும்புவர். கடைசி பஸ்ஸா, விடிகாலை வானா என்று சொல்லாமல் வருவதால் உலையில் எத்தனை பேருக்கு அரிசி போடுவது என்பது ஊகத்தின்பாற்பட்டது. ‘ஒரு கைப்பிடி கூட’ என்பது இதற்கான ஏற்கப்பட்ட அலகு.

இத்தனை காரணிகளையும் ஒருங்கே கணக்கிட்டுத் திட்டம் எங்கே போடப்படுகிறது? சமையலறையில் போடப்படுவதாகவே வெளியார் கருதுவர். சமையலறையில் நுழையும்போது திட்டம் முடிந்திருக்க வேண்டும். அங்கே யோசிக்க நேரமில்லை. பகல் நிறுவைக்கும் அந்தி நிறுவைக்கும் நடுவே, இரண்டு கையும் கொழுந்தில் இருக்க, வாயில் வேறு கதை ஓட, தலைக்குள் போடப்படுவதே இத்திட்டம். மழை மேகம் திரண்டால் பொரியல் நீக்கப்படும். அடுத்த நிரையில் நிற்பவர் சஷ்டி என்று சொன்னால் நெத்தலி நீக்கப்படும். கொழுந்தின் கிலோ குறைந்து அரைப்பேராகுமோ, அதாவது அரைநாட் சம்பளமாகுமோ, என்ற அச்சம் வந்தால் முட்டை நீக்கப்படும். கங்காணி சத்தம் போட்டால் எல்லாம் மறந்துபோய் மீண்டும் பருப்பிலிருந்து தொடங்கும். வீட்டிலோ ‘இன்னைக்கி என்ன கறி?’ என்று கேட்கப்படும். கேட்பவர் பகல் இரண்டு மணியிலிருந்து அங்கேயே இருப்பவர்.

விதிவிலக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். 10ஆம் தேதி இரவு, விரதம் குறுக்கிடாவிட்டால், டவுனிலிருந்து கொத்துரொட்டிப் பார்சல் வரும். அன்று அடுப்பில் தேத்தண்ணிக்கு மட்டுமே வேலை. ஒரு பார்சல் பெரியவர் ஒருவருக்கா, சிறுவர் இருவருக்கா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. மரக்கறிக் கொத்து, முட்டைக் கொத்து, கோழிக் கொத்து என விலை ஏறும். குழம்புக்குத் தனிக்காசு வாங்காத கடைகளும் உண்டு. வாங்கப் போகிறவரிடம் இன்னொரு பை குழம்பு கேட்டு வாங்கிவரும்படி சொல்லியனுப்புவது வழக்கம். மறுநாள் காலை ரொட்டிக்கு அது தொட்டுக்கொள்ள ஆகும்.